தலைக்குள்ளே கோடிப் பம்பரம்

"காந்தம்னா, எவ்வளவு பெரிய காந்தம்?"

கேட்டவர் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் அறையின் வாசலுக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தார். அந்தப் பக்கம் ஓர் அங்குலம்கூட வர மாட்டேன் என்பது அவர் நின்ற நிலையிலேயே தெரிந்தது. ஆஸ்பத்திரி ஃபைலை இரண்டு கையாலும் மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தார். அவருக்குப் பின்னால் நாற்காலியில் அவருடைய மனைவி, மடியில் கைப்பையோடு அமைதியாக உட்கார்ந்திருந்தார்.

டெக்னீஷியன் ஒரே பார்வையில் புரிந்துகொண்டான். இது ஓடுகிற ரகம்.

ஓடுகிறவர்களைப் பற்றி அந்த ஆஸ்பத்திரியில் அவனைவிட அனுபவப்பட்டவர் கிடையாது. அந்த மாதத்தில் மட்டும் மூன்று பேர் ஓடியிருந்தார்கள். மூன்று பேருமே அவன் அன்போடு விளக்கம் சொன்ன பிறகுதான் ஓடினார்கள். முதல் ஆளிடம் "இது அணுக்கரு காந்த ஒத்ததிர்வு முறை" என்று ஆரம்பித்தான். அந்த மனிதர் 'அணுக்கரு' வரைக்கும்தான் நின்றார். அடுத்து வந்த அம்மாளிடம் மீக்கடத்தி, ரேடியோ அதிர்வெண், காந்தப்புலச் செறிவு என்று வரிசையாக எடுத்துவிட்டான். பாத்ரூம் போய்விட்டு வருகிறேன் என்று போன அந்த அம்மாள் இன்னும் வரவில்லை. மூன்றாவது ஆள் ஆஸ்பத்திரி கவுனோடேயே பஸ் ஏறிவிட்டார். கவுனுக்கு இவன்தான் விளக்கம் எழுதிக் கொடுத்தான்.

அப்போதுதான் தலைமை டாக்டர் அவனைக் கூப்பிட்டனுப்பினார்.

"உனக்கு மெஷினைத் தெரியும், மனுஷங்களைத் தெரியல. இனிமே உன் வாயில படிச்ச வார்த்தை ஒண்ணுகூட வரக் கூடாது. வீட்டுல பேசற மாதிரி பேசு. நாலாவது ஆள் ஓடினா, நீ கீழ ரெக்கார்டு ரூமுக்குப் போயிடலாம். அங்க இருக்கற ஃபைலுக்குக் கால் கிடையாது, ஓடாது."

ரெக்கார்டு ரூமுக்கு ஜன்னல் கிடையாது. அங்கே வேலை பார்த்தவர் ஓய்வு பெறுகிற சமயத்தில் அலமாரிகளோடு பேசிக்கொண்டிருந்ததாகச் சொல்வார்கள். இவனுக்கோ அந்த மெஷின் என்றால் உயிர். அதைப் படிப்பதற்கே நாலு வருஷம் செலவழித்தவன். நாலாவது ஆள் ஓடக் கூடாது. ஓட விடப்போவதில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு காலையில் கண்ணாடி முன்னால் நின்று வீட்டுப் பேச்சு பேசிப் பழகிவிட்டு வந்திருந்தான்.

வழக்கமாக முதல் கேள்வி அவனுடையதுதான். பெயர் என்ன, வயது என்ன என்று தொடங்கி ஒரு பக்க நீளத்துக்குப் பட்டியலே உண்டு. அன்றைக்கு எதிராளி முந்திக்கொண்டார். கம்ப்யூட்டரில் 'டோக்கன் பதினொன்று, தலை, தலைசுற்றல்' என்று மட்டும் இருந்தது. மற்றதெல்லாம் அவர் மார்போடு பிடித்திருந்த ஃபைலுக்குள் இருந்தது.

"அந்த ஃபைலைக் குடுங்க சார்."

"தரேன் தம்பி. மொதல்ல கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. நான் முப்பத்தஞ்சு வருஷமா மோட்டாருக்குக் காயில் கட்டறவன். காந்த விஷயத்துல என்கிட்ட மூடி மறைக்க முடியாது."

டெக்னீஷியனுக்கு உற்சாகம் பிறந்தது. காயில் கட்டுகிறவர்! பாதி வேலை முடிந்தது என்று நினைத்தான். பாதி தெரிந்த மனிதருக்கு விளக்குவதுதான் உலகத்திலேயே பெரிய வேலை என்பது அவனுக்கு அப்போது தெரியாது.

"பெரிய காந்தம்தான் சார். ஒரு ஆள் உள்ள படுக்கற அளவு."

"இப்ப ஆன்ல இருக்கா, ஆஃப்ல இருக்கா?"

"எப்பவும் ஆன்தான்."

"ஞாயித்துக்கிழமை?"

"அன்னிக்கும் ஆன்தான் சார்."

"காயில் எரிஞ்சிடாது?"

'மீக்கடத்தி' என்ற வார்த்தை நாக்கின் நுனி வரைக்கும் வந்துவிட்டது. அதை அப்படியே விழுங்கினான். "எரியாது சார். காயிலை ஒரு பெரிய ஃப்ளாஸ்க்குக்குள்ள ரொம்ப ரொம்பக் குளிரா வச்சிருக்கோம். அவ்வளவு குளிர்ல கரண்ட் ஓடினா கம்பி சூடே ஆகாது. ஒரு தடவை ஓட விட்டாப் போதும், அதுபாட்டுக்கு ஓடிக்கிட்டே இருக்கும்."

காயில்காரரின் முகத்தில் முதல் தடவையாக ஒரு மரியாதை தெரிந்தது. அரை நிமிஷம்தான் தெரிந்தது.

"அவ்வளவு குளிருக்குள்ளயா ஆளைப் படுக்க வைக்கறீங்க?"

"இல்ல சார்! ஃப்ளாஸ்க்குல ஐஸ் போட்டு மூடினா, வெளிய தொட்டா சில்லுனு இருக்கா? ஆள் வெளிப்பக்கம்தான்."

"சரி, குளிர் போகட்டும். ரத்தத்துல இரும்பு இருக்குன்னு டாக்டர் சொல்றாங்களே. இவ்வளவு பெரிய காந்தம் அதை இழுத்துடாதா?"

இந்தக் கேள்வியை அவன் எதிர்பார்த்திருந்தான். காலையில் கண்ணாடிக்கு முன்னால் இதற்குத்தான் ஒத்திகை பார்த்திருந்தான்.

"கீரையிலயும் இரும்பு இருக்கு சார். கீரைக்கட்டுல காந்தத்தை வச்சா ஒட்டுதா? அந்த மாதிரிதான் ரத்தமும். இந்த மெஷின் இரும்பைத் தேடல. ஹைட்ரஜனைத்தான் தேடுது."

சொல்லி முடித்த பிறகுதான் தவறு உறைத்தது. காயில்காரர் இரண்டடி பின்னால் போய்விட்டார்.

"ஹைட்ரஜனா? அது குண்டுல போடறது ஆச்சே!"

"ஐயோ, அது வேற சார்! இது தண்ணியில இருக்கற ஹைட்ரஜன். தலைக்குள்ள இருக்கற தண்ணியில."

"தலைக்குள்ள தண்ணியா?" அவர் குரல் உடைந்தது. "தண்ணி கோத்துக்கிச்சா? வெறும் தலைசுத்தல்னுதானே டாக்டர் சொன்னார்? தண்ணி விஷயம் யாருமே சொல்லலையே!"

"இருந்தாகணும் சார்! எல்லார் தலையிலயும் முக்கால்வாசி தண்ணிதான். என் தலையில இருக்கு, உங்க தலையில இருக்கு, எங்க தலைமை டாக்டர் தலையில இருக்கு."

"ஏங்க, நேரமாகுது," என்றார் மனைவி பின்னாலிருந்து. "அந்தத் தம்பிதான் இவ்வளவு சொல்லுதே. சட்டுனு போய் எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போகலாம்."

"நீ சும்மா இரு. உனக்கு இதெல்லாம் தெரியாது. தெரிஞ்சுக்காம உள்ள போயிட முடியுமா?"

மனைவி சும்மா இருந்தார். அவரைப் பார்த்தால் பல வருஷமாகச் சும்மா இருந்து நன்றாகப் பழகியவர் மாதிரித்தான் இருந்தது.

சுவர்க் கடிகாரம் பத்தரை காட்டியது. டோக்கன் பன்னிரண்டு வெளியே இருமினார். டெக்னீஷியன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான். புரோட்டான் என்கிற வார்த்தையைச் சொல்லாமல் புரோட்டானைச் சொல்லியாக வேண்டும். அவன் ஆசிரியர்களே செய்யாத காரியம். விட்டேனா பார் என்று இறங்கினான்.

"சார், அந்தத் தண்ணிக்குள்ள கண்ணுக்குத் தெரியாத குட்டிக் குட்டிப் பம்பரம் இருக்குன்னு வச்சுக்குங்க. கோடி கோடியா."

"பம்பரமா?"

"ஆமா. எல்லாம் எப்பவும் சுத்திக்கிட்டே இருக்கும்."

காயில்காரர் மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தார். பிறகு இவனிடம் குனிந்து தாழ்ந்த குரலில் கேட்டார்: "அதனாலதான் தலை சுத்துதா?"

டெக்னீஷியன் கண்ணை மூடித் திறந்தான். "இல்ல சார். அது எல்லாருக்கும் சுத்தும். அது சுத்தறது யாருக்கும் தெரியாது. அந்தப் பம்பரங்க கண்டபடி ஒவ்வொண்ணும் ஒவ்வொரு பக்கம் பார்த்துக்கிட்டு நிக்கும். பள்ளிக்கூடத்துல மணி அடிக்கறதுக்கு முன்னாடி பசங்க நிக்கற மாதிரி. காந்தத்துக்குள்ள போனதும் எல்லாம் ஒரே பக்கம் பார்த்து வரிசையா நின்னுடும். அவ்வளவுதான். இதுல பயப்பட என்ன இருக்கு?"

காயில்காரர் யோசித்தார். யோசிக்க யோசிக்க அவர் நெற்றியில் வியர்வை வந்தது. டெக்னீஷியனுக்கும் வந்தது.

"தம்பி, ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க. தலைக்குள்ள இருக்கறதையெல்லாம் கலைச்சு வரிசையில நிறுத்திடறீங்க. அப்புறம் அதது பழைய இடத்துக்குத் திரும்பிப் போகுமா? ஞாபகம் எல்லாம் இடம் மாறிடாதா?"

"மாறாது சார்."

"கல்யாணம் ஆனது, கஷ்டப்பட்டு வீடு கட்டினது, பொண்ணு பொறந்தது, முப்பத்திரண்டு வருஷம் தினமும் பேசினது, சண்டை போட்டது, எல்லாம் உள்ளதானே இருக்கு? வெளிய வந்ததும் 'நீ யாரு'ன்னு கேக்கற நிலைமை வந்துடாதே?"

கேட்டுவிட்டு ஃபைலை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். டெக்னீஷியனுக்கு மனசு இளகிவிட்டது. இவ்வளவு நேரம் இவர் ஓடிவிடக் கூடாதே என்று தன் வேலையை நினைத்துக் கவலைப்பட்டவனுக்கு, இப்போது உண்மையாகவே இந்த மனிதரின் பயத்தைப் போக்க வேண்டும் என்று தோன்றியது. இளகிய மனசோடு விளக்கம் சொன்னால் எப்போதும் ஒன்றிரண்டு வார்த்தை கூடுதலாகத்தான் வரும்.

"பம்பரம் நின்ன இடத்தைவிட்டு நகராது சார், மூஞ்சியை மட்டும்தான் திருப்பும். அப்புறம் நாங்க ரேடியோ மாதிரி ஒரு அலை அனுப்பி ஒரு தட்டுத் தட்டுவோம். அதுங்க சாய்ஞ்சு நிமிரும். நிமிரும்போது சின்னதா ஒரு குரல் குடுக்கும். பள்ளிக்கூடத்துல வருகைப்பதிவு எடுக்கறப்ப 'உள்ளேன் ஐயா' சொல்றதில்ல? அதேதான். எந்த இடத்துல எப்படிக் குரல் வருதுன்னு பார்த்துப் படம் போட்டுடுவோம்."

"எவனாவது குரல் குடுக்கலைன்னா?"

"அந்த இடத்துல ஏதோ கோளாறுன்னு அர்த்தம்."

காயில்காரர் தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்தார். ஃபைல் கசங்கியது.

"எனக்குப் பயமா இருக்கு தம்பி," என்றார் வெளிப்படையாக.

அந்தச் சமயம் பார்த்து, அடுத்த அறையில் வேறு ஏதோ மெஷினை ஓட்டிப் பார்த்தார்கள். சுவர் வழியாக டம் டம் டம் என்று சத்தம் வந்தது. காயில்காரர் நிமிர்ந்தார்.

"உங்க மெஷினும் இப்படித்தான் சத்தம் போடுமா?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தான். சொல்லவில்லை. "இதைவிட ஜாஸ்தியாவே போடும் சார். காதுக்குப் பஞ்சு குடுப்போம். உள்ள இன்னும் சில காயில் இருக்கு. அதுல கரண்ட்டை விட்டு விட்டு எடுக்கறதால அது அதிரும்."

"அதிருதா?" காயில்காரர் எழுந்தேவிட்டார். பயம் போய்த் தொழில்காரர் வந்துவிட்டார். "காயில் அதிர்ந்தா கட்டு லூசுன்னு அர்த்தம்! என் பட்டறையில அப்படி ஒரு மோட்டார் போச்சுன்னா அன்னிக்கே கடையை மூடிடுவேன். மொதல்ல கழட்டி டைட் பண்ணுங்க. வார்னிஷ் அடிங்க. நாளைக்கு வரோம்."

"சார், கழட்ட முடியாது சார்!"

"ஸ்பேனர் இருக்கா? நானே பார்க்கறேன்."

"ஸ்பேனரா! அந்த வார்த்தையையே இந்த ரூம்ல சொல்லக் கூடாது சார்! உள்ள எடுத்துட்டுப் போனா பறந்து போய் ஒட்டிக்கும்!"

"பறந்து போயா?" காயில்காரர் திரும்பவும் உட்கார்ந்தார்.

அதுவரை சொன்ன அத்தனை விளக்கமும் ஆறே வினாடியில் கரைந்து போனதை டெக்னீஷியன் கண்ணெதிரே பார்த்தான். கைகொடுத்தது மனைவிதான்.

"ஏங்க, நீங்க குறட்டை விடறப்ப வீடே அதிருது. உங்களுக்குள்ள எது லூசு? கழட்டி டைட் பண்ணியா விட்டோம்? அது அதோட வேலையைச் செய்யுது, சத்தம் வருது. பஞ்சை வச்சுக்கிட்டுப் படுத்துத் தூங்கலையா நான்?"

வெளியே டோக்கன் பன்னிரண்டு இருமலை நிறுத்திவிட்டுச் சிரித்தார். டெக்னீஷியன் அந்த அம்மாளைக் கையெடுத்துக் கும்பிடாத குறை. நாலு வருஷப் படிப்பில் இப்படி ஒரு வாக்கியம் அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

கதவைத் திறந்துகொண்டு தலைமை டாக்டர் எட்டிப் பார்த்தார். "பதினொண்ணு இன்னும் உள்ள போகலையா?"

"பேசிக்கிட்டு இருக்கேன் டாக்டர்."

"அதுதானே உன் வியாதி. பத்து நிமிஷம் தரேன்."

கதவு மூடியது. டெக்னீஷியன் ஒரு முடிவுக்கு வந்தான். பம்பரத்தையும் பள்ளிக்கூடத்தையும் ஃப்ளாஸ்க்கையும் ஓரமாக வைத்துவிட்டுக் காயில்காரர் முன்னால் தரையில் முழங்காலிட்டு உட்கார்ந்தான்.

"சார், இப்ப எதையும் விளக்கப்போறதில்ல. ஒண்ணே ஒண்ணு சொல்றேன். இந்த மெஷினைப் பழகினப்போ நானே உள்ள படுத்துப் பார்த்தேன். மூணு தடவை. எங்கம்மா பேர் ஞாபகம் இருக்கு, வாங்கின கைமாத்து ஞாபகம் இருக்கு, தலைமை டாக்டர் திட்டினது ஒரு எழுத்து விடாம ஞாபகம் இருக்கு. எதுவும் மறக்கல."

காயில்காரர் அவன் முகத்தையே பார்த்தார்.

"நீங்களே படுத்துப் பார்த்தீங்களா?"

"நானேதான்."

"அப்பச் சரி." அவர் எழுந்து இடுப்பைத் தடவிக்கொண்டார், பிறகு பெல்ட்டை அவிழ்த்தார். "பார்த்தாத்தான் நம்பிக்கை வரும். நானும் படுத்துப் பார்த்துடறேன். வாங்க."

மனைவி திடுக்கிட்டு எழுந்தார். "என்னங்க இது? நீங்க எதுக்கு—"

"நீ பேசாம இரு. நான் போயிட்டு வந்து சொல்றேன்." ஃபைலை அவர் கையில் திணித்தார். "இதைப் பிடி."

"தம்பி, நீங்களாவது நான் சொல்றதைக் கொஞ்சம்—"

"அம்மா, தயவுபண்ணிக் குழப்பாதீங்க!" என்றான் டெக்னீஷியன். அவன் குரலில் கெஞ்சலே இருந்தது. "ஒரு மணி நேரம் பேசி இப்பத்தான் சார் தயாராகியிருக்கார். உக்காருங்கம்மா. எதுவா இருந்தாலும் முடிஞ்சதும் சொல்லுங்க."

அம்மாள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு உட்கார்ந்தார்.

மளமளவென்று வேலை நடந்தது. வாட்ச், சாவி, மோதிரம், பேனா எல்லாம் தட்டில் விழுந்தன.

"உடம்புக்குள்ள பிளேட்டு, ஸ்க்ரூ, பேஸ்மேக்கர் ஏதாவது?"

"ஒண்ணும் கிடையாது. எல்லாம் கம்பெனி ஸ்பேர்தான்."

"கண்ணுல எப்பவாவது இரும்புத்தூள் பட்டிருக்கா?"

"நான் கட்டறது செம்புக் கம்பி தம்பி. செம்பைக் காந்தம் இழுக்காது. உங்களுக்கு யாரும் சொல்லித்தரலையா?"

காதில் பஞ்சு வைத்து, அவசரமென்றால் அழுத்திக் கூப்பிட ஒரு ரப்பர் பல்பைக் கையில் கொடுத்து உள்ளே தள்ளினான். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து மைக்கைப் பிடித்தான். "அசையாம இருங்க சார்."

"பேசலாமா?"

"பேசினாலும் அசைஞ்ச மாதிரிதான்."

"பம்பரம் வரிசையில நின்னாச்சா?"

"நிக்குது சார், நீங்க பேசினதுல திரும்பிப் பார்க்குது!"

முதல் படம் கலங்கியது. இரண்டாவதும் கலங்கியது, காயில்காரர் சத்தத்தை வைத்து எத்தனை சுற்றுக் காயில் என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். அவன் மைக்கில் கெஞ்சினான், அதட்டினான், கடைசியில் "அசையாம இருந்தா மெஷினோட காயில் படத்தை உங்களுக்குக் காட்டறேன்" என்று ஆசை காட்டினான். அதற்கப்புறம் இருபது நிமிஷம் உள்ளே மூச்சுச் சத்தம் மட்டும்தான்.

திரையில் படம் வந்தது. ஒரு கோணல் இல்லாமல், அவ்வளவு தெளிவாக வந்தது. டெக்னீஷியனுக்குக் கண் கலங்கிவிட்டது. நாலாவது ஆள் ஓடவில்லை. ரெக்கார்டு ரூம் இல்லை. ஹைட்ரஜனைத் தவிரப் படித்த வார்த்தை ஒன்றுகூடச் சொல்லாமல் ஒரு மனிதருக்கு அவ்வளவு பெரிய மெஷினைப் புரியவைத்துவிட்டான். இதை எங்காவது ஏறி நின்று கத்த வேண்டும் போல இருந்தது.

தலைமை டாக்டர் உள்ளே வந்து திரையைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். தோளில் தட்டினார்.

"சாதிச்சுட்டேய்யா. படம் சுத்தமா இருக்கு, தலையில ஒரு குறையும் இல்ல. நீ அவர்கிட்ட சொன்னதையெல்லாம் அப்படியே எழுதிக் குடு. வாசல்ல போர்டா மாட்டிடறேன்."

உள்ளேயிருந்து காயில்காரர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. நேராக மனைவியிடம் போனார்.

"ஒண்ணுமே இல்ல! நம்ம கல்யாணத் தேதி ஞாபகம் இருக்கு. உங்கண்ணன் அன்னிக்கு என்ன பேசினான்னுகூட ஞாபகம் இருக்கு. சத்தம் மட்டும்தான், அதுவும் என் குறட்டை அளவுதான்." அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதைத் துடைத்துக்கொண்டு, வாட்சையும் சாவியையும் எடுக்கத் தட்டைத் தேடிப் போனார்.

"ரிப்போர்ட் நாளைக்கு வந்து வாங்கிக்கலாம் சார்," என்று பெருமிதத்தோடு சொன்னான் டெக்னீஷியன். "அடுத்தவங்களை வரச் சொல்லுங்க."

சொல்லிவிட்டுத் திரும்பியவன் திகைத்துப்போனான். அந்த அம்மாள் காதிலும் கழுத்திலும் இருந்ததைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக் கணவரிடம் கொடுத்துவிட்டு, செருப்பை வாசலில் விட்டுவிட்டு, மெஷினின் படுக்கையில் ஏறிக்கொண்டிருந்தார்.

"அம்மா! அங்க எங்க ஏறுறீங்க?"

"எனக்கு விளக்கம் எல்லாம் வேண்டாம் தம்பி, எல்லாம் கேட்டுக்கிட்டுதான் உக்காந்திருந்தேன்," என்றார் அவர், தலையணையைச் சரிசெய்துகொண்டே. "பேஷன்ட் நான்தான், எந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்கணும்னு மட்டும் சொல்லுங்க."